வெந்நீர் வைக்கும் நேரம்

கணினி கட்டித் தரச் சொல்லி வருகிறவர்களுக்காக நாம் நிரப்பும் தாளில் முதல் கேள்வி, "குளிக்க வெந்நீர் எப்படி வைக்கிறீங்க?" என்பது. அதைப் பார்த்து நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரியும். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், ஏதோ ஹீட்டர் வாங்க வந்தவர்களின் தாள் இங்கே கலந்துவிட்டது என்று நினைத்து, அதைப் பேனாவால் வெட்டியே விட்டார். வெட்ட வேண்டாம். நான் வேலை மேசையை விட்டு எழுந்துவிட்டேன். ஐம்பது தாண்டியதும் மதர்போர்டின் ஊசிமுனைகள் எனக்கு மூடுபனிக்குள் தெரியும் தேயிலைக் கொழுந்து மாதிரி ஆகிவிட்டன. ஆனால் அந்தக் கேள்வி மேசையிலேயே இருக்கட்டும். அது எப்படி வந்தது என்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

காசுக்குத் தகுந்த பாகம் பொறுக்குவதில் நான் ஒரு காலத்தில் என்னைப் பெரிய ஆளாக நினைத்திருந்தேன். இறம்பொடையிலிருந்து ஒரு வாத்தியார் ஒரு லட்சத்துக்கும் குறைவாக வைத்துக்கொண்டு, கேட்கவே கூச்சப்பட்டு நின்றார். பழைய அலுவலகக் கணினி ஒன்றைத் துடைத்து, புதிய எஸ்எஸ்டி மட்டும் போட்டுக் கொடுத்தேன். இன்னும் ஓடுகிறது. நுவரெலியாவிலிருந்து லீக்ஸ் தோட்டக்காரர் ஒருவர் வந்தார். "எவ்வளவானாலும் பரவால்ல தம்பி, இருக்கிறதுலயே பெருசா போடுங்க" என்றார். நானும் போட்டேன். உள்ளே ஏழு நிறத்தில் விளக்கு எரிந்தது, தேர்த் திருவிழா மாதிரி. ஒரு மாதம் கழித்து வந்து, "லொறிக்குக் குடுக்கிற சிட்டைய அடிக்கணும், அதுக்கு என்னத்த அமத்தணும்?" என்று கேட்டார். அவருக்குத் தேவைப்பட்டது ஒரு நல்ல பிரிண்டர். அந்த இரண்டு பேரிடமும் நான் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: "எவ்வளவு வச்சிருக்கீங்க?" வாத்தியாரிடம் அது சரியாகப் போனது தற்செயல்.

பிறகு யோகேஸ்வரி வந்தாள்.

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம். இருபத்தாறு வயது. கொழும்பில் தையல் தொழிற்சாலையில் ஐந்து வருடம் நின்றபடியே வேலை செய்து, ஒரு அறைக்கு எட்டுப் பேர் என்று படுத்து எழும்பிச் சேர்த்த இரண்டரை லட்சத்தைக் கைப்பையோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அங்கே இருந்த நாட்களில் கைப்பேசியிலேயே வீடியோ வெட்டப் பழகியிருந்தாள். இப்போது கொழும்பில் ஒரு விளம்பர நிறுவனம், வீட்டில் இருந்தே செய்யலாம் என்று சொல்லியிருந்தது. ஒரு வாரம் பரீட்சை. திங்கள் முதல் வெள்ளி வரை. மத்தியானம் பன்னிரண்டுக்குப் படங்களை அனுப்புவார்கள்; வெட்டி ஒட்டி, மாலை ஆறு மணிக்குள் முடித்த வீடியோவைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

"சரிவந்தா அம்மாவோட இருந்துக்கலாம் அண்ணே," என்றாள். "சரிவரலேன்னா திரும்பவும் அந்த எட்டுப் பேர்ல ஒருத்தி."

இதைவிடத் தெளிவாக எந்த வாடிக்கையாளரும் என்னிடம் பேசியதில்லை. நான்தான் காதைப் புரொசசரிலும் கண்ணைக் கிராபிக்ஸ் கார்டிலும் வைத்திருந்தேன். வீடியோ வேலையா, நல்ல புரொசசர். வேகமா முடியணுமா, நல்ல கார்டு. ரேம் தாராளம். எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தால் கையிருப்பு முட்டியது. எதைக் குறைப்பது? யார் கண்ணிலும் படாததை. பவர் சப்ளையைக் குறைத்தேன். பெட்டியின் மேல் சிவப்பில் அறுநூறு வாட் என்று பெரிதாகப் போட்டிருந்த ஒன்றை எடுத்தேன். பக்கவாட்டில் எறும்பு வரிசையாய் ஏதோ எழுதியிருந்தது. அப்போது என் கண் நன்றாகத்தான் இருந்தது. படிக்கவில்லை, அவ்வளவுதான்.

நம் கடையைப் பற்றி நீங்கள் அறிந்த ஒன்றை இங்கே நினைவில் வையுங்கள். வாசலுக்கு இடப்பக்கம் கணினி. வலப்பக்கம் இஸ்திரிப் பெட்டி, ரேடியோ, வாளித் தண்ணீருக்குள் விடும் சுருள் ஹீட்டர். வலப்பக்கம் முதலாளியம்மாவுடையது. அவருக்கு ரேம் என்றால் என்னவென்று இன்றுவரை தெரியாது; தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. யோகேஸ்வரியின் பெட்டியை நான் கட்டிக்கொண்டிருந்தபோது அவர் ஒரு முறை எட்டிப் பார்த்து, "கண்ணாடி வச்ச பொட்டி. பேஷா இருக்கு. மீனு விடலாம்" என்றார். சிரித்துவிட்டு ஹீட்டர் விற்கப் போய்விட்டார்.

திங்கட்கிழமை மாலை ஐந்தே காலுக்குத் தொலைபேசி. "அண்ணே, பொட்டி தானா அணைஞ்சிருச்சு."

மறுபடி போடச் சொன்னேன். போட்டாள். வீடியோவைத் திரட்டிக் கோப்பாக்கும் கடைசிக் கட்டத்துக்குச் சாதாரணமாகத் தொண்ணூறு நிமிடம் ஆகும்; என் கார்டு அதை இருபத்தைந்து நிமிடமாக்கியிருந்தது. ஆனால் பாதியில் செத்தால் பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டும். தொடங்கினாள். செத்தது. தொடங்கினாள். செத்தது. ஆறரை தாண்டித்தான் ஒரு வழியாக முழுதும் ஓடியது. செவ்வாயும் அப்படியே. இரண்டு நாளும் பிந்தி அனுப்பினாள்.

புதன்கிழமை நான் பையைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ் ஏறினேன். தலவாக்கலை தாண்டியதும் மழை விட்டிருந்தது. பனி மலையிலிருந்து கழன்று விழுந்துகொண்டிருந்த பகல். பதினொரு மணிக்கு, தொழிலாளர் வீடுகள் ஒரே வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தை அடைந்தேன். பன்னிரண்டு காம்பராவில் பதினொன்று பூட்டு. எல்லாரும் மலையில். ஒரு கோழியும் யோகேஸ்வரியும் மட்டும் இருந்தார்கள். பன்னிரண்டு வரை பெட்டியை முழுப் பாரத்தில் ஓட விட்டேன்; பிறகு அவள் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். குதிரை மாதிரி ஓடியது. மீட்டரை வைத்துக் கரண்டை அளந்தேன்: இருநூற்று முப்பத்தொன்று வோல்ட். பாடப்புத்தகத்தில்கூட அப்படி இருக்காது. அவள் போட்ட ரொட்டியையும் சம்பலையும் சாப்பிட்டேன். இரண்டரை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது நான் சொன்னதை இப்போதும் நினைத்தால் காது சுடுகிறது.

"பொட்டியில ஒரு பிழையும் இல்ல. நீங்கதான் அவசரத்துல எதையோ அமத்தியிருப்பீங்க."

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். அன்று மாலை ஐந்து இருபதுக்கு அந்தப் பெட்டி மறுபடி செத்தது. அவள் என்னைக் கூப்பிடவில்லை. தன் விரல்தான் காரணம் என்று நம்பிவிட்டாள்.

தம்பிமாரே, பாகம் தேர்வதில் பிழை விட்டால் மாற்றிவிடலாம். நம் பிழையை எடுத்து வாங்க வந்தவரின் கையில் வைத்துவிட்டு பஸ் ஏறுவது இருக்கிறதே, அது வேறு கணக்கு.

வியாழக்கிழமை மத்தியானம், கொழுந்து நிறுக்கிற நேரம், மலையிலிருந்து அவளுடைய அம்மா கூப்பிட்டார். பாக்கியம் அக்கா. அவர் அடித்தது கடை நம்பருக்கு, எடுத்தது முதலாளியம்மா. ஊதற்காற்றில் குரல் கேட்காமல் போக, முதலாளியம்மா ஒலிபெருக்கியைப் போட்டார்.

"ஹலோ! கம்பியூட்டர் தம்பியா?"

"தம்பி அந்தாண்ட இருக்கு. நீங்க சொல்லுங்க."

"எம்மவ சாப்புடல. ராத்திரி பூரா கைய பாத்துக்கிட்டே உக்காந்திருக்கா. அந்தக் கம்பனிக்காரவுங்க சொல்லிட்டாங்க, கடைசி நாளும் பிந்துனா அனுப்பவே வேணாமுன்னு. நா படிக்காத ஆளு. ஆனா கண்ணு இருக்கு. டிவி ஓடுது. அந்த வைபை டப்பா கண்ண சிமிட்டிக்கிட்டுதான் இருக்கு. சாமி படத்துக்கிட்ட இருக்கிற குண்டு பல்பு மங்குது. ஒங்க பொட்டி மட்டும் செத்துப்போகுது. தெனமும் நாங்க மலையில இருந்து எறங்குன பொறகுதான். இதுக்கு அவ என்னாங்க செய்வா?"

முதலாளியம்மா வாயில் இருந்த வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கினார். "எறங்குனதும் என்னா செய்வீங்க?"

"என்னா செய்வோம், மழையில ஊறிப்போயில்ல வர்றோம். தண்ணி வச்சுக் குளிப்போம்."

"எதுல தண்ணி வைப்பீங்க?"

"ஹீட்டர்லதான். ஒங்ககிட்ட வாங்குனதுதானுங்களே!"

முதலாளியம்மா என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு சிரிப்பு ஏறியதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். "அந்த லயத்துக்கு மட்டும் நா பதினொரு ஹீட்டர் வித்திருக்கேன். நீ ஒரு பொட்டி வித்திருக்க. பதினொன்னும் ஒன்னும் சண்ட போட்டா எது செயிக்கும்?"

"நேத்து நான் அளந்து பாத்தேனே அம்மா. இருநூத்தி முப்பத்தொன்னு இருந்துச்சே."

"எத்தன மணிக்கு?"

"பதினொரு மணி."

"ஆளில்லாத லயத்துல கரண்டு தொர மாதிரிதான் இருக்கும்! அஞ்சு மணிக்குப் போயி பாத்தியா?"

நான் மலையகத்தில் பிறந்தவன். என் அம்மாவும் ஐந்து மணிக்கு ஈரச் சாக்கோடு இறங்கியவர்தான். அந்த நேரம் தெரியாதவன் இல்லை நான். தெரிந்திருந்தும் பஸ் வசதியைப் பார்த்து பதினொரு மணிக்குப் போய், வெறும் லயத்தைச் சோதித்துவிட்டு, நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு வந்தவன்.

அதே மாதிரி பவர் சப்ளை ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்து, அந்த எறும்பு எழுத்தைப் படித்தேன். 200-240. பதினொரு ஹீட்டரும் ஒன்றாக இழுக்கும்போது வோல்ட் இருநூறுக்குக் கீழே போனால் அது தன் வேலையை விட்டுவிடும் என்று அதுவே எழுதி வைத்திருந்தது. டிவி, ரூட்டர், மானிட்டர் எல்லாவற்றிலும் 100-240 இருக்கும். அதனால்தான் அவை பிழைத்தன. பாக்கியம் அக்கா காற்றுக்குள் நின்று கத்திச் சொன்னது அதைத்தான். எனக்கு மீட்டர் இருந்தது. அவருக்கு ஒரு குண்டு பல்பு போதுமாக இருந்தது.

நூறிலிருந்து ஓடக்கூடிய பவர் சப்ளை கடையில் ஒன்றுகூட இல்லை. கொழும்புக்காரர் திங்கட்கிழமை அனுப்புவதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை எனக்குத் திங்கட்கிழமை எதற்கு? தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் ஹட்டன் முழுவதிலும் அப்படி ஒன்று எங்கே இருக்கிறது என்று நினைவு வந்தது. எனக்கு மூன்றடி தூரத்தில். நம் கடை பில் போடும் கணினிக்குள். அதை நான்தான் கட்டினேன். நமக்கென்று வந்தபோது கை தானாகவே நல்லதைத் தேடி எடுத்திருக்கிறது.

முதலாளியம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. சொல்லாமலும் முடியாது. சொன்னேன். அவர் அந்தக் கணினியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அதக் கழட்டுனா பில்லு?"

"திங்கக்கெழம வரைக்கும் கையால எழுதணும்."

"என் கையெழுத்து எனக்கே வெளங்காது." கொஞ்சம் யோசித்தார். "சரி, வாங்குறவங்களுக்கும் வெளங்காது. கழட்டு."

அன்றைய பஸ் போய்விட்டிருந்தது; வியாழனும் அவள் பிந்தித்தான் அனுப்பினாள். வெள்ளிக்கிழமை அதைத் துவாயில் சுற்றி, குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு போனேன். வழியில் ஒரு மரம் விழுந்து பஸ் நின்றது. லயத்தை அடையும்போது ஒன்றரை. மழை சரிந்து விழுகிறது. இடுப்பு வரை நனைந்திருந்தேன். யோகேஸ்வரி பாதி வேலையில் இருந்தாள். பெட்டியை நிறுத்தினால் நாற்பது நிமிடம் போகும். நிறுத்தாவிட்டால் ஐந்து மணிக்கு அதுவே நிற்கும்.

"மொதல்ல ஒன்னு சொல்லணும் தங்கச்சி," என்றேன். "ஒங்க வெரல்ல பிழை இல்ல. எம்மேலதான் பிழை. நான் பாக்காம போட்டுட்டேன். மாத்த நாப்பது நிமிசம் வேணும்."

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு செய்த வேலையைச் சேமித்து, தானே ஆளியை அணைத்தாள். "நாப்பது நிமிசம்னு சொன்னீங்க. நாப்பதுதான்."

முப்பத்தெட்டில் முடித்தேன். அவள் விட்ட இடத்திலிருந்து ஓடினாள். நாலே முக்காலுக்கு மலைப்பக்கம் குரல்கள் கேட்டன. தலையில் சாக்கு, இடுப்பில் படங்குத் துணி, பனிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக முளைத்து இறங்கி வந்தார்கள். லயத்துக்கே செய்தி தெரிந்திருந்தது. அடுத்த காம்பரா மேரி அக்கா நேராக வாசலுக்கு வந்தார். முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"பாக்கியம், நாங்க பேசிட்டோம். ஆறு மணி வரைக்கும் ஒருத்தரும் ஹீட்டர் போடல. புள்ள வேலைய முடிக்கட்டும். ஒரு மணி நேரம் நனைஞ்சு நின்னா கரைஞ்சா போயிருவோம்?"

எனக்கு உயிர் வந்தது. "ரொம்ப நல்லதுக்கா. அப்படியே செஞ்சிருங்க" என்றேன். வாக்கியம் முடிவதற்குள் யோகேஸ்வரி திரும்பினாள்.

"வேணாம் அத்த."

"என்னாடி வேணாம்?"

"இன்னைக்கு எனக்காக நடுங்கிக்கிட்டு நிப்பீங்க. திங்கக்கெழம? வேல கெடச்சா எனக்கு தெனமும் அஞ்சு மணிதான். தெனமும் நிப்பீங்களா?" பிறகு என்னிடம், "அண்ணே, இந்தப் பொட்டி தாங்குமா, தாங்காதா? அத மட்டும் சொல்லுங்க."

"தாங்கணும்…"

"தாங்கணும்னு கேக்கல."

பன்னிரண்டு காம்பராவின் கண்களும் என் மேல் இருந்தன. இரண்டு வாக்கியங்கள் என்னிடம் இருந்தன. இன்று மட்டும் பத்திரமாகப் பார்த்துக்கொள்வோம் என்பது ஒன்று. அதைச் சொன்னால் அன்று நான் தப்பித்திருப்பேன். திங்கட்கிழமை அவள் மாட்டியிருப்பாள். புதன்கிழமை நான் செய்ததும் அதுதானே, ஆளில்லாத லயத்தில் ஒரு சோதனை. ஆட்களை வைத்துக்கொண்டே லயத்தை வெறிச்சோட வைப்பதும் அதே சோதனைதான்.

"தாங்கும்," என்றேன். "போடச் சொல்லுங்க."

ஐந்து மணி ஆறு நிமிடத்துக்கு அவள் கடைசிக் கட்டத்தைத் தொடங்கினாள். எழுந்து ஜன்னலைத் திறந்து கத்தினாள்: "எல்லாரும் போடுங்க அத்த! தண்ணி சுட்டாதான் எனக்கு வேல கெடைக்கும்!"

சிரிப்பு லயத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடியது. பிறகு ஹீட்டர்கள். முதலில் பல்பு லேசாக வெட்கப்பட்டது. பிறகு மஞ்சளானது. பிறகு பழுத்த ஆரஞ்சு. என் மீட்டர் இருநூறைத் தாண்டிக் கீழே இறங்கியது. நூற்றெண்பது. நூற்றெழுபது. சாமி படத்தில் அம்மனின் முகம் மங்கி, மூக்குத்தி மட்டும் தெரிந்தது. நூற்றைம்பத்தெட்டில் வந்து நின்றது. பெட்டியின் விசிறி மட்டும், தனக்கு ஒன்றும் தெரியாது என்பது போல, ஒரே சுருதியில் சுற்றிக்கொண்டிருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மேரி அக்கா: "செத்துச்சா?"

"வாயில நல்ல வார்த்தை வராதா ஒனக்கு!" என்றார் பாக்கியம் அக்கா.

"கேக்குறேன்டி! செத்துருந்தா ஹீட்டர எடுத்துருவேன்ல!"

"சாகல! நீ குளி!"

ஐந்து முப்பத்திரண்டுக்குத் திரட்டல் முடிந்தது. அனுப்பும் கோடு நத்தை மாதிரி நகர்ந்தது. ஐந்து நாற்பத்தொன்பதுக்குப் போய்ச் சேர்ந்தது. யோகேஸ்வரி தன் பத்து விரல்களையும் விரித்து, ஒரு தடவை பார்த்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆறு மணி ஐந்து நிமிடத்துக்குப் பதில் வந்தது. இரண்டே வரி. முந்தைய நாட்கள் பிந்தினாலும் வேலை நன்றாக இருந்தது என்றும், திங்கட்கிழமையிலிருந்து வழக்கமான வேலையாகத் தொடரலாம் என்றும். பாக்கியம் அக்கா அதை மகளிடம் மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். மூன்றாவது முறை கேட்கும்போது அழுதுகொண்டே கோழியைத் திட்டினார்.

பட்ஜெட் என்பதை வாங்குபவரின் பையில் இருப்பதாக மட்டும் நினைக்காதீர்கள். அவர் வீட்டுச் சுவருக்குள் வரும் கரண்டும் ஒரு பட்ஜெட்தான். அதைப் பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து செலவழிக்கிறார்கள். சின்னக் காசோ பெரிய காசோ, முதலில் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் சொல்கிறவரின் அம்மாவையும் பேச விடுங்கள். போய்ப் பார்ப்பதென்றால் ஆட்கள் இறங்கி வரும் நேரத்துக்குப் போங்கள், கடைசி பஸ் தப்பினாலும்.

எனக்கு அன்று தப்பியது. யாரோ வேன் சொல்லியிருக்கிறார்கள், வரும் என்றார்கள். வாசற்படியில் சப்பாத்தைக் கழற்றி உட்கார்ந்தேன். கால்கள் மழையில் ஊறி வெளுத்து, எனக்குச் சொந்தமில்லாதவை போல் கிடந்தன. மேரி அக்கா ஆவி பறக்கும் ஒரு வாளியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"கால உள்ள வைங்க தம்பி. வெறச்சுப்போயி இருக்கீங்க."

வைத்தேன். சூடு பாதத்திலிருந்து ஏறி, முழங்காலைத் தாண்டி, நெஞ்சுவரை வந்தது. ஒரு வாரமாக என் பெட்டியைக் கொன்றுகொண்டிருந்த அதே தண்ணீர். அப்படி ஒரு சுகத்தை நான் அதற்கு முன் அறிந்ததில்லை.

"எப்புடி இருக்கு?" என்று கேட்டார் மேரி அக்கா, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு. "ஒங்க கடையில வாங்குன ஹீட்டருதான். நல்ல சாமான்."